செவ்வாய்க்கிழமை எழுத வேண்டிய தாள்

ஷியாமளா டீச்சர் கேரள எல்லையில் பாறசாலை வட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் டிகிரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் டிகிரி கிடையாது. முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மகள் ஜிஷாவுக்கே இருபத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது.

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜிஷாவுக்குத் திருவனந்தபுரத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. தராசு, அழுத்தமானி, வெப்பமானி என்று எது எவ்வளவு பொய் சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாரக்கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்று டீச்சர் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பாதி உரித்தார், எழுந்தார், வாசலைப் பார்த்தார், திரும்ப வந்து உட்கார்ந்தார், வேறொரு கிழங்கை எடுத்தார். மூன்று கிழங்குகள் பாதித் தோலோடு கிடந்தன.

"மக்கா, ஒரு காரியம் பறையட்டா? அப்பாவுக்குத் தெரியப்பிடாது."

"என்னம்மா, ரத்தம் டெஸ்ட் எடுத்தியா?"

"டெஸ்ட் தான். உடம்புக்கு இல்ல. எனக்க டிகிரியில ஒரு பேப்பர் பாக்கி உண்டு."

ஜிஷாவுக்குப் பிடிபடச் சற்று நேரமானது. "எந்தப் பேப்பர்?"

"செகண்ட் லாங்குவேஜ். தமிழு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கோபமும் வந்தது. "எனக்கு ஆறு அரியர்ண்ணு சந்தி முழுக்கக் கேக்கச் சத்தம் போட்ட ஆளாக்கும் இது!"

"ஆறும் ஒண்ணும் ஒண்ணா பிள்ளே?"

"நான் ஆறையும் எழுதி ஜெயிச்சேன்."

"அதுதான் சொல்லுகேன். எனக்கும் எழுதணும்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே 1994ஆம் வருடத்து மதிப்பெண் பட்டியல். கணக்குப் பாடங்களில் எல்லாம் எண்பதுக்கு மேல். ஆங்கிலத்தில் ஐம்பத்திரண்டு. தமிழுக்கு நேரே எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ.பி.' என்று இரண்டெழுத்து. ஆப்சென்ட். வரவில்லை.

நடந்தது இது. அந்த வருடம் பரீட்சை நேரத்தில் ஒரு ஹர்த்தால் வந்தது. தேதிகளை மாற்றிப் புது அறிவிப்பை ஒட்டினார்கள். மலையாளமும் இந்தியும் வியாழக்கிழமை. தமிழுக்குத் தனித்தாள், செவ்வாய்க்கிழமை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மலையாளமோ இந்தியோ எடுத்தவர்கள். அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து "செகண்ட் லாங்குவேஜ் வியாழன்" என்றார்கள். ஷியாமளா நம்பினார். தன் பாடம் வேறு தாளில் ஒட்டியிருக்கும் என்று தோன்றவில்லை. வியாழக்கிழமை காலையில் போய் ஒவ்வொரு அறையாகத் தன் எண்ணைத் தேடினார். கடைசியில் ஒரு வாத்தியார் சொன்னார்: தமிழ் முந்தாநாளே முடிந்துவிட்டது. மூன்று பேர் எழுதினார்கள். ஒரு எண் மட்டும் வரவில்லை.

"பின்னே ஏன் அடுத்த வருசம் எழுதல்ல?"

"அதுக்குள்ள டீச்சர் ஆயிட்டேனே."

லீவில் போன ஒருவருக்குப் பதிலாக ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அனந்தகிருஷ்ணன் சாருடைய டுட்டோரியலில் கணக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே படித்து, பல்கலைக்கழகத்தில் தனியாகப் பதிவு செய்து எழுதுவார்கள். ஒரு மாதம் ஒரு வருடமானது. இடையில் கல்யாணம். ரிசல்ட் வருவதற்கு முன்பே கல்யாணக்குறி, அதாவது அழைப்பிதழ், அடித்துவிட்டார்கள். அதில் 'ஷியாமளா, பி.எஸ்ஸி.' என்று இருந்தது. மாப்பிள்ளை வேலாயுதன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். படித்த பெண் என்று அவர் முதல் நாளே "டீச்சரே" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை.

1997இல் பணம் கட்டி ஹால் டிக்கெட்டும் வாங்கினார். பாக்கிப் பாடம் எழுதுபவர்களுக்கும் டுட்டோரியல் பிள்ளைகளுக்கும் ஒரே நாள், ஒரே மையம். வாசலில் போய் இறங்கியதும் பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், நாலாம் யூனிட் வருமா? டீச்சர், இந்த ஸ்டெப் எப்படி?" மணி அடிக்கும்வரை சொல்லிக்கொடுத்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர் கைப்பையில் ஹால் டிக்கெட்டோடு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

"அவியளுக்கப் பக்கத்து பெஞ்சுல நான் எங்ஙன இருக்க?"

இப்போது எழுத வேண்டியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தனியாகப் பதிவு செய்து எழுதும் வழியை மூடிவிட்டார்கள். டுட்டோரியலை அனந்தகிருஷ்ணன் சார் திறந்தநிலைப் படிப்புக்கான மையமாக மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு ஒவ்வொரு ஆசிரியரின் அசல் பட்டத்தையும் கணினியில் ஏற்ற வேண்டும். டீச்சர் பெயருக்கு நேரே ஒரு மாதமாகச் சிவப்புக் கட்டம் நின்றுகொண்டிருந்தது. "பீரோச் சாவி காணல்ல சார்" என்று மூன்று வாரம் ஓட்டியாயிற்று. இரண்டு, பழைய பாடத்திட்டத்தில் பாக்கி வைத்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் மெர்சி சான்ஸ் அறிவித்திருந்தது. கருணை அடிப்படையில் ஒரே ஒரு முறை, கடைசி முறை.

"தோத்தா என்ன செய்வ?" என்றாள் ஜிஷா.

"தோத்தா தோத்துட்டுப் போகட்டு. வரல்லண்ணு இருக்கப்பிடாது. நான் போனவளாக்கும் மக்கா. நாள் மாறிப் போனேன், அவ்வளவுதான்."

அன்றே ஜிஷா விண்ணப்பத்தை நிரப்பினாள். மின்னஞ்சல், அவளுடையது. தொலைபேசி எண், அவளுடையது.

பாடப்புத்தகங்கள் எங்கும் இல்லை. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று மூன்று ஞாயிறு அலைந்து ஒரு நாடகமும் ஒரு கதைத் தொகுப்பும் கிடைத்தன. டீச்சர் படித்தது தன் பிள்ளைகளைப் படிக்க வைத்த அதே முறையில்தான். பழைய கேள்வித்தாள்களை வருடவாரியாகக் கட்டம் போட்டு, எது எத்தனை முறை வந்தது, எத்தனை வருடம் விட்டு வந்தது என்று குறித்து, வரப்போவதைக் கணிப்பார். கணக்கில் பத்துக்கு ஏழு வரும். அதனாலேயே நெய்யாற்றின்கரையிலிருந்தும் வெள்ளறடையிலிருந்தும் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். தமிழுக்கு நான்கு வருடத் தாள்கள்தான் அகப்பட்டன. "நாலு புள்ளியை வச்சு வளைவு வரைய ஒக்குமா?" என்று புலம்பினார். ஆனாலும் வரைந்தார். குளிக்கும்போது செய்யுள் முணுமுணுத்தார். பஸ்ஸில் முணுமுணுத்தார். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கவில்லை.

வேலாயுதன் ஒரு நாள் ஜிஷாவைத் தனியே கூப்பிட்டார். "டீச்சருக்கு என்ன? ஏதாவது விரதமா?"

மறைக்க முடியவில்லை. சொன்னாள். ஓய்வுபெற்ற கண்டக்டர் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார்.

"அப்போ குறியில அடிச்சது பொய்யா? ஃபாஸ்ட் பாசஞ்சர்ண்ணு போர்டு வச்சு எனக்கு ஆர்டினரியைத் தந்துட்டாவளா!"

உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. "ஏறி முப்பது வருசம் ஆச்சு. இப்போ இறங்கி என்ன செய்யப்போறீரு?"

"நான் இறங்குகேன்ணு சொன்னேனா? டிக்கெட் எடுத்துட்டேனே."

மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை. மையம் ஒரு கல்லூரி. மெர்சி சான்ஸ்காரர்கள் நாற்பது பேர் இருக்கும். எல்லோருக்கும் வயிறும் நரையும். வாசலில் ஒருத்தர் டீச்சரைக் கண்டதும் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நின்றார். ஜெயன். 2001 பாட்ச். சொந்தமாக இரண்டு பஸ் ஓட்டுகிறார்.

"டீச்சர்! இன்னைக்கு எந்த ரூம்ல டியூட்டி?"

"ஏழாம் நம்பர்" என்றார் டீச்சர். பொய் இல்லை. ஹால் டிக்கெட்டில் அந்த எண்தான் இருந்தது.

ஏழாம் அறையில் ஒரே ஒரு டெஸ்க். பழைய திட்டத்தில் தமிழ் எழுத இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு ஆள். மேற்பார்வைக்கு வந்தவன் அஜேஷ். டீச்சரிடம் மூன்று வருடம் படித்து, எம்.எஸ்ஸி. முடித்து, அதே கல்லூரியில் கணக்குக்குக் கெஸ்ட் ஆசிரியராக வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டிருப்பவன். டீச்சரைக் கண்டதும் பழக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இரிங்க டீச்சர்" என்றான்.

"அது உனக்க நாற்காலி. எனக்கது இங்க" என்று டீச்சர் டெஸ்க்கில் போய் உட்கார்ந்தார்.

ஜிஷா வராந்தாவில் நின்றாள். ஒன்பதரைக்குக் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து கணினிக்கு வரும். மையத்தில் அச்செடுத்துக் கொடுப்பார்கள். வந்தது. அச்சும் எடுத்தார்கள். எழுத்துக்குப் பதிலாக வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள்தான் விழுந்திருந்தன. ஜன்னல் வழியே பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள். படமாக மாற்றித் திரும்ப அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அலுவலக வாசலுக்கு ஓடினாள்.

"நிங்ஙள் கேண்டிடேட்டின்றெ மோளல்லே? அகத்து கேறான் பற்றில்லா" என்றார் தேர்வுக் கண்காணிப்பாளர். எழுதுபவரின் மகள். உள்ளே விட முடியாது.

"உள்ளே வரல்ல சார். சொல்லித் தாறேன், இங்கேருந்தே."

கதவை மூடிவிட்டார்கள்.

பத்து மணி. பத்தரை. வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பத்தாறு தப்படி. அவள் எத்தனை முறை நடந்தாளோ. ஏழாம் அறையில் டீச்சர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மற்ற அறைகளில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து ஐம்பதுக்கு அஜேஷ் கையில் எழுதிய இரண்டு தாளோடு ஓடி வந்தான். போனில் கேட்டு எழுதியது. முத்திரை வைத்திருந்தார்கள். அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. எனவே தமிழ்க் கேள்விகளை மலையாள எழுத்தில் எழுதியிருந்தான். டீச்சர் அதைச் சாதாரணமாக வாசித்து, தமிழில் விடை எழுதத் தொடங்கினார். அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு முடிகிற காரியம்தான் அது.

இரண்டு மணிக்கு வெளியே வந்தார்.

"எங்ஙன உண்டும்மா?"

"போயி எழுதினேன். அது போராதா?" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

பட்டத்தை ஏற்றக் கெடு மார்ச் முப்பத்தொன்று. ரிசல்ட் வரவில்லை. டீச்சர் தானாகவே போய் அனந்தகிருஷ்ணன் சாரிடம் எல்லாம் சொன்னார். சார் பழைய தலைமுறை வெள்ளாளக் குடும்பம். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"நம்ம கணக்கு பாட்ச்ல எத்தனை பேரு டீச்சர் இப்போ?"

"மூணு பேரு."

"தொண்ணூத்தாறுல?"

"அறுபத்திநாலு."

"நான் உங்கள சர்டிபிகேட்டுக்காக நிறுத்தல்ல. ஜூன்ல கணக்குக்கே ஆளு இல்ல. ஒருத்தன் வந்தான். அவனும் ஜெர்மன் படிக்க எத்தனை மாசம் ஆகும்ணு கேக்கியான். இப்போ பிள்ளைகளுக்கு என்ன படிக்கணும்ணு இல்ல, எங்க போகணும்ணாக்கும். மாடியில ஜெர்மன் கிளாஸ் தொடங்குகேன். நீங்க ஆபீஸ் பாத்துக்கிடுங்க."

வெளியே பலகையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜிஷா படித்த இன்ஜினியரிங் கல்லூரியும் அப்படித்தான் ஆனது. அவள் முடித்த நான்காவது வருடம் மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் நர்சிங் பிள்ளைகளுக்கு அயல்நாட்டு மொழித் தேர்வுக்குப் பயிற்சி. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஆறு அரியர் வைத்த இடம்.

"இனி அந்த டிகிரி வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று கேட்டாள்.

"உனக்கு அது டிகிரி" என்றார் டீச்சர்.

ஏப்ரல், மே, ஜூன். தினமும் காலையில் குளிப்பதற்கு முன் பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து பார்ப்பார். பிறகு ஜிஷாவுக்கு ஒரு செய்தி வரும்: 'வரல்ல.' வேறு ஒரு சொல்லும் இருக்காது. அவள் பதில் போடமாட்டாள். தொண்ணூற்றொன்பது 'வரல்ல' அவளுடைய போனில் இருக்கின்றன.

ஜூலை ஒன்பதாம் தேதி செய்தி வரவில்லை. ஏழரைக்கு அப்பாவின் அழைப்பு வந்தது. மூளையில் ரத்தக்கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரி. தலைமாட்டில் இருந்த கருவிகள் எல்லாம் சரியாகத்தான் அளந்தன. ஜிஷா பார்த்தாள். பதின்மூன்றாம் தேதி முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து நான்காம் நாள் ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு முப்பத்திமூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.

அவள் அன்று ஆபீஸிலிருந்து பாதியில் இறங்கி நடந்தாள். எங்கே என்று இல்லை. கிழக்கேகோட்டை வரை வந்து, ஏதோ பஸ்ஸில் ஏறி, பாலராமபுரத்தில் இறங்கி, மறுபடி வேறு பஸ்ஸில் ஏறினாள். இரண்டு மார்க். திருத்திய விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம், பதினைந்து நாள் கெடு. அம்மாவின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே அம்மா பெயரில் விண்ணப்பித்தாள்.

நகல் பத்து நாளில் வந்தது. இருபத்திரண்டு பக்கம். அம்மா தமிழில் இவ்வளவு எழுதி அவள் பார்த்ததில்லை. வீட்டில் டீச்சர் எழுதியதெல்லாம் எண்களும் குறிகளும்தான். 'கல்வியின் பயன் குறித்து ஒரு கட்டுரை வரைக' என்ற கேள்விக்கு இருபது மார்க். டீச்சர் எழுதியிருந்தார்:

'தரவு: 1996இல் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் 64. தேறியவர்கள் 41. அவர்களில் அரசு வேலைக்குப் போனவர்கள் 17. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் 9. கணக்குக்குச் சம்பந்தமில்லாத வேலை செய்பவர்கள் 15. இந்தப் பதினைந்து பேரும் இன்றும் என்னைக் கண்டால் பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். தேறாத 23 பேரில் எனக்குத் தெரிந்த ஐந்து பேரும் தருகிறார்கள். எனவே பயன் பூஜ்யம் அல்ல.'

ஓரத்தில் சிவப்பு மையில் 'கட்டுரை வடிவம் இல்லை' என்று எழுதி ஆறு மார்க் போட்டிருந்தார்கள். ஜிஷாவால் திருத்தியவரைக் குறைசொல்ல முடியவில்லை. அது கட்டுரை இல்லைதான்.

கடைசிப் பக்கம். எழுதாத இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே. கோட்டுக்கு மேலே ஒரு வரி: 'எனக்குத் தரப்பட்ட வினாக்களின் மொத்தம் 85. அனைத்துக்கும் விடை எழுதியுள்ளேன்.'

ஜிஷா கூட்டிப் பார்த்தாள். முதல் பகுதி இருபது. இரண்டாவது இருபத்தைந்து. கட்டுரைகள் இரண்டு, நாற்பது. எண்பத்தைந்து. பதினைந்து மார்க் கேள்வி ஒன்று அம்மாவின் கைக்கு வரவேயில்லை.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அஜேஷைத் தேடிப் போனாள். ஆசிரியர் அறையில் தனியாக இருந்தான். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான்.

"டீச்சர் உங்ககிட்ட பறையல்லியா?"

"என்னத்தை?"

"எண்பத்தஞ்சுதானே வருது அஜேஷேண்ணு அப்பமே கேட்டாவ. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. திரும்பப் போன் போட்டேன், ஆரும் எடுக்கல்ல. யூனிவர்சிட்டி ஆபீஸ்ல தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவரு லீவு. கேன்டீன்ல நிக்கப்பட்ட ஒரு நாகர்கோவில்காரரைக் கூட்டிட்டு வந்து வாசிக்கச் சொல்லியிருக்காவ. அவரு ஒரு பக்கம் வாசிச்சாரு, அடுப்புல பால் கிடக்குண்ணு போயிட்டாரு. பின்பக்கம் திருப்பிப் பாக்கல்ல."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'எலே, நீ போயி இரி. எண்பத்தஞ்சுல முப்பத்தஞ்சு எடுக்கத் தெரியாதவளா நான்'ண்ணு."

"நீ அண்ணைக்கே எழுதிக் கொடுத்திருக்கணும்."

"கொடுத்தா எனக்க ஒப்பந்தத்தைப் புதுக்கமாட்டாவ. அது டீச்சருக்குத் தெரியும்." அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். "இப்போ எழுதித் தாறேன்."

அவள் அவனைத் திட்டவேண்டும் என்றுதான் வந்தாள். பஸ்ஸில் வரும்போது சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். அவன் தாளை எடுத்து, நடந்தது நடந்தபடி, தன் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்திட்டான். அதைப் பார்த்த பிறகு சொற்கள் வேறெங்கோ போய்விட்டன. பின்னாளில் அவனுக்குத் தேர்வு டியூட்டி மட்டும் போட மறுத்தார்கள். வேலை போகவில்லை.

முழுக் கேள்வித்தாளை ஜிஷா பிறகு பார்த்தாள். விட்டுப்போனது, ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதும் கேள்வி. சுருக்குவது. அம்மாவுக்குத் தமிழில் ஒழுங்காக வரக்கூடியது அது ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். எண்பத்தைந்துக்கு முப்பத்திமூன்று என்றால் நூற்றுக்கு முப்பத்தெட்டு புள்ளி எட்டு. தேர்ச்சி. கணக்கை மூன்று வரியில் காட்டினாள். அஜேஷின் கடிதத்தை இணைத்தாள். இறப்புச் சான்றிதழை இணைக்கவில்லை. இணைத்தால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று பயம். நவம்பர் கடைசியில் பதில் வந்தது. விகிதப்படி மதிப்பெண் தர விதி இல்லை. மாணவிக்கு மறுதேர்வு அனுமதிக்கப்படுகிறது. டிசம்பர் பதினாறு, காலை ஒன்பதரை. முந்தைய மதிப்பெண் ரத்தாகும். வராதவர்கள் ஏ.பி. எனக் குறிக்கப்படுவர்.

நாட்காட்டியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை.

அதற்கு மேல் அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஆபீஸில் ஒரே தராசை இரண்டு முறை சரிபார்த்தாள். தேதி கடந்துவிட்டால் முப்பத்திமூன்று அழியும். முப்பத்தொரு வருடம் பீரோவில் கிடந்த அதே இரண்டெழுத்து திரும்பவும் வந்து உட்காரும். இந்த முறை அதைப் போட வைக்கப்போவது அவள் எழுதிய மனு.

டிசம்பர் எட்டாம் தேதி பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரில் போனாள். அந்தப் பிரிவில் மஞ்சு என்று ஒரு எழுத்தர். பேச்சிலேயே தெற்கத்திக்காரி என்று தெரிந்தது. ஜிஷா இறப்புச் சான்றிதழையும் மனுவையும் மேசையில் வைத்தாள்.

மஞ்சு இரண்டையும் படித்தாள். "இதை முதல்லயே கொடுத்திருக்கலாமே. செரி, விடுங்க. இப்போ நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். பதினாறாந் தேதி ஆளு வராது, ஏ.பி. விழும், ஃபைல் தீர்ந்து."

"அதுதான் விழப்பிடாது."

"பின்னே என்ன வேணும்? பாஸ் ஆக்கணுமா? வக்கீல் வச்சா ஒருவேளை நடக்கும். நாலஞ்சு வருசம் ஆகும்."

"வேண்டாம். மறுதேர்வை ரத்து செய்யணும். முப்பத்திமூணு அப்படியே இருக்கணும்."

"அது தோல்வியாக்கும்."

"தெரியும்."

மஞ்சு பேனாவை வைத்தாள். "பதினெட்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். பாஸ் ஆக்கித் தாங்கண்ணு அழுதுட்டு வருவாவ. தோல்வியை எடுத்துராதீங்கண்ணு ஒருத்தரும் வந்ததில்ல."

"அம்மா வந்து எழுதினாங்க" என்றாள் ஜிஷா.

மஞ்சு இறப்புச் சான்றிதழைத் தனியே எடுத்து வைத்தாள். பிறகு மனுவைத் திருப்பி, "காரணம் எழுதாம விட்டுட்டியே. காரணம் இல்லாத மனு மேலே போகாது" என்றாள். அவளே பேனாவை நீட்டினாள். ஜிஷா எழுதினாள்: 'மாணவி மார்ச் 12 அன்று தேர்வுக்கு வந்திருந்தார். தரப்பட்ட அனைத்துக்கும் விடை எழுதியுள்ளார்.' மஞ்சு அதன்கீழ் ஏதோ குறிப்பெழுதி, எழுந்து, கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒன்றேகால் மணிநேரம் கழித்துக் கையெழுத்தோடு வந்தாள்.

ஜனவரியில் பதிவுத் தபாலில் புது மதிப்பெண் பட்டியல் வந்தது. வேலாயுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட் கட்டைப் பார்ப்பது போல மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று. எண்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. கடைசி வரியில் விரல் நின்றது.

"முப்பத்திமூணு" என்றார். விரலை எடுக்காமல், "எனக்க டீச்சருக்குத் தமிழு இவ்வளவுதானா? என்னை வையும்போது நூத்துக்கு நூறு எடுக்குமே" என்றார். சிரிக்கத்தான் தொடங்கினார். முடிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார்.

ஜிஷா பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். பழைய பட்டியலை வெளியே எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். பழையதைக் கிழிக்கவா என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் அதை வாங்கி, மடிப்பை நீவித் திருப்பிக் கொடுத்தார். அதையும் உறைக்குள், புதியதற்குப் பின்னால் சொருகினாள்.

மறுநாள் காலையில், குளிப்பதற்கு முன், அவள் போனை எடுத்துப் பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்தாள். அவளுக்கு வரவேண்டியது அங்கே ஒன்றும் இல்லை. பக்கம் முழுவதும் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து, திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குளிக்கப் போனாள்.